மூன்று ரியூப் புரொஜெக்டருக்கு எந்த அமைப்பு பாதுகாப்பானது?

கேள்வி: ஐயா, மூடப்பட்ட விடுதியொன்றிலிருந்து எங்கள் சனசமூக நிலையத்துக்கு, சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று ரியூப்கள் கொண்ட பழைய புரொஜெக்டர் ஒன்று கிடைத்துள்ளது. ரியூப்கள் 7 அங்குலம். கிடை அதிர்வெண் 15 முதல் 50 கிலோஹேர்ட்ஸ் என்று கைநூலில் உள்ளது. ஆனால் கணினி 1600×1200, 85 ஹேர்ட்ஸ் வரை தெரிவுகளைக் காட்டுகிறது. பெரிய எண்ணைத் தெரிந்தால் படம் தெளிவாக வரும் என்கிறார் மருமகன். எனக்கோ கருவி எரிந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.
– வாசகர், உவர்மலை

பதில்: உங்கள் பயம் நியாயமானது, மருமகன் சொல்லும் அமைப்பை ஒருமுறைகூடச் சோதித்துப் பார்க்க வேண்டாம். அது ஏறத்தாழ 106 கிலோஹேர்ட்ஸ் கிடை அதிர்வெண்ணைக் கேட்கும். உங்கள் கருவியின் எல்லையைப் போல இரு மடங்குக்கும் அதிகம்.

பலரும் 1024×768 போன்ற எண்ணை மட்டுமே பார்க்கிறார்கள். புரொஜெக்டருக்கு முக்கியமானது, எலக்ட்ரான் கற்றை ஒரு விநாடிக்கு எத்தனை கோடுகளை வரைய வேண்டும் என்பதுதான். திரையில் தெரியும் கோடுகளுடன், கற்றை அடியிலிருந்து உச்சிக்குத் திரும்பும் வேளையில் கழியும் மறைவான கோடுகளையும் கூட்டி, அந்தத் தொகையைப் புதுப்பிப்பு வீதத்தால் (ஒரு விநாடிக்குப் படம் எத்தனை முறை வரையப்படுகிறது என்ற ஹேர்ட்ஸ் எண்ணால்) பெருக்கினால் கிடை அதிர்வெண் கிடைக்கும். 1024×768 அமைப்பில் தெரியும் கோடுகள் 768. 60 ஹேர்ட்ஸில் மறைவானவற்றுடன் 806. அதை 60 ஆல் பெருக்கினால் 48,360, அதாவது சுமார் 48.4 கிலோஹேர்ட்ஸ். இது எல்லைக்குள் இருக்கிறது. ஆனால் விளிம்பில் நிற்கிறது. அதே 1024×768 ஐ 75 ஹேர்ட்ஸுக்கு மாற்றினால் 60 கிலோஹேர்ட்ஸ் ஆகிவிடும். தெளிவு எண்ணில் ஒரு மாற்றமும் இல்லாமலேயே நீங்கள் எல்லையைத் தாண்டிவிடுகிறீர்கள். கவனிக்க வேண்டிய பொறி இதுதான்.

எல்லையைத் தாண்டினால் என்ன நடக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு கோட்டின் முடிவிலும் கற்றையை மறுபடி தொடக்கத்துக்கு இழுக்கும் கிடை வெளியீட்டு டிரான்சிஸ்டர் ஒரு பெரிய மின்னழுத்தத் துடிப்பைத் தாங்குகிறது. கோடுகள் கூடக்கூட அதன் வெப்பமும் கூடும். நல்ல கருவிகளில் பாதுகாப்புச் சுற்று உண்டு, படம் வராமல் தானாக அணைந்துவிடும். ஆனாலும் முப்பது வருடப் பழமையான சுற்றை நம்பிப் பரீட்சை பார்ப்பது, கயிறு பழையது என்று தெரிந்தும் கிணற்றில் இறங்குவதைப் போன்றது.

என் தெரிவு இது: அன்றாடப் பாவனைக்கு 800×600, 60 ஹேர்ட்ஸ். அது 37.9 கிலோஹேர்ட்ஸ் மட்டுமே. கருவி இளைப்பாறியபடி வேலை செய்யும். மிக அருகே போய்ப் பார்த்தால் கோடுகளுக்கிடையே மெல்லிய கறுப்பு இடைவெளி தெரியலாம். ஆனால் பின்வரிசை நாற்காலியிலிருந்து யாருக்கும் அது தெரியாது. 7 அங்குல ரியூபில் கோடுகளை மிக நெருக்கினால் ஒன்றன்மேல் ஒன்று ஏறி எழுத்துகள் குழைந்துவிடும் என்பதால், பெரிய எண் தெளிவையே கெடுக்கக்கூடும். இங்குள்ள தொலைக்காட்சி ஒளிபரப்பு விநாடிக்கு 25 சட்டங்களை (முழுப் படங்களை) கொண்டது, அதைப் பதிவுசெய்து கணினிவழி காட்டுவதானால் 800×600, 75 ஹேர்ட்ஸ் (46.9 கிலோஹேர்ட்ஸ்) அசைவைச் சீராகக் காட்டும், ஏனெனில் ஒவ்வொரு சட்டமும் சரியாக மூன்று முறை வரும். எல்லைக்கு ஓரளவு கிட்ட வருவதால் அதை நெடுநேரம் ஓட்டாமல் தேவைப்படும் வேளைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பொதுவாக, கைநூல் எல்லைக்குப் பத்து வீதம் கீழே நிற்பது என் பழக்கம்.

இன்னொரு கவனம். ஐந்து தனிக் கம்பிகளால் இணைக்கும் இத்தகைய புரொஜெக்டர்கள், தம் எல்லை இன்னதென்று கணினிக்குச் சொல்வதில்லை. எனவே கணினி தானாக ஊகித்து எதையும் அனுப்பலாம். மின்சாரம் போய்வந்த பின் அமைப்பு மாறியிருந்தால் உங்களுக்குத் தெரியாமலே தவறு நடக்கும். முதலில் சாதாரண மொனிற்றரில் கணினியை இயக்கி அமைப்பை உறுதிசெய்து, பிறகே புரொஜெக்டரை இயக்குங்கள். குறுகிய மறைவு நேரம் கொண்ட அமைப்புகள் தட்டைத் திரைகளுக்காக உருவானவை; அவற்றில் கற்றை திரும்பப் போதிய நேரம் கிடைக்காது, படத்தின் விளிம்பு திரைச்சீலை மடிந்தது போலச் சுருண்டுவிடும். அப்படித் தெரிந்தால் பழைய வழக்கமான அமைப்புக்கு மாறுங்கள். படம் சுழன்றாலோ கீச்சென்ற சத்தம் திடீரெனக் கூடினாலோ உடனே அணைத்துவிடுங்கள். உள்ளே உயர் மின்னழுத்தம் பல்லாயிரம் வோல்ற்று. அணைத்த பின்னும் தங்கியிருக்கும் என்பதால் மூடியை நீங்கள் கழற்றக் கூடாது. உவர்மலைக் கடற்காற்றில் இணைப்பிகள் பச்சை பூத்துவிடுவதும் உண்டு. நிறமொன்று மங்கினால் அமைப்பைக் குறை சொல்லும் முன் அவற்றைப் பாருங்கள்.

கேள்வி: எங்களிடமும் இதே வகைப் புரொஜெக்டர் உள்ளது. திரை சிறியது என்பதால் கட்டுப்பாட்டில் படத்தின் அளவைச் சுருக்கிக் காட்டுகிறோம். இது சரியா?
– வாசகர், மூதூர்

பதில்: சரியல்ல. படத்தைச் சுருக்கும்போது அதே கற்றை ரியூபின் சிறிய பரப்பில் குவிகிறது. அங்குள்ள, கற்றை பட்டதும் ஒளிரும் பொஸ்பர் பூச்சு விரைவில் தேய்ந்து நிரந்தரத் தடம் விழும். என்னுடைய பழைய கருவியில், கணினியின் கீழ்ப்பட்டை ஒரு முழு இரவு அசையாமல் நின்றதால் பச்சை ரியூபில் பதிந்த நீண்ட கோடு இன்றும் வெள்ளைக் காட்சிகளில் தெரிகிறது. அதற்கு எந்த அமைப்பும் மருந்தல்ல. எனவே படம் ரியூபின் முகத்தை ஏறத்தாழ நிறைக்கும்படி வையுங்கள். திரைக்கும் புரொஜெக்டருக்கும் இடையிலான தூரத்தைக் கைநூலிலுள்ளபடி மாற்றித் திரை அளவைச் சரிசெய்யுங்கள். இடம் மாற்றியபின் லென்ஸ் குவியத்தையும் மூன்று நிறங்களின் பொருத்தத்தையும் மறுபடி செய்ய வேண்டும். கருவி அரை மணி நேரம் சூடாகும் முன் அந்த வேலையைத் தொடங்க வேண்டாம், ஏனெனில் குளிர்ந்த நிலையில் பொருத்திய கோடுகள் சூடானதும் விலகிவிடும்.