வீட்டுக்குப் பின்னால் செண்டுடுக் என்கிற ஊதாப் பூச்செடி பூத்துக் கிடக்கிறது, லாலாங் என்கிற உயரமான புல்லும் வளர்கிறது. தீ பயத்துக்கு எப்போது வெட்டலாம்? பூவை வெட்ட மனசு வரவில்லை.

உங்கள் வீடும் என் வீடு மாதிரி தாமானின் (குடியிருப்பின்) கடைசி வரிசை, பின்னால் விற்றுப்போன கித்தா (ரப்பர்) தோட்டம் என்று எடுத்துக்கொள்கிறேன். அப்படியென்றால் டிசம்பரிலேயே, புல் பச்சையாக இருக்கும்போதே வெட்டிவிடுங்கள். தைப்பூசம் வரட்டும் என்று இருந்தால் நான் பட்ட பாடுதான்.

நான் மலேசியாவில், கெடா மாநிலத்துச் சுங்கை பட்டாணிப் பக்கம். கெடாவில் ஜனவரி, பிப்ரவரியில் மழை குறையும், கித்தா மரமும் இலை கொட்டும் சமயம். 2016, வறட்சியைக் கொண்டுவரும் எல் நினோ வருஷம். தைப்பூசத்துக்கு இரண்டு நாள் முன்பு வெள்ளிக்கிழமை, இங்கே லீவு நாள். விருந்தாளி வருகிறார்களே, பின்பக்கம் காடாகக் கிடக்கிறதே என்று மத்தியானம் இரண்டு மணிக்குத் தோளில் புல் வெட்டும் மெஷினை மாட்டினேன். இரும்பு பிளேடு. லாலாங்குக்குள் கல் கிடந்தது கண்ணில் படவில்லை. 'டங்'கென்று ஒரு சத்தம், ஒரு பொறி. மெஷினை நிறுத்துவதற்குள் சருகு பற்றி, தீ வேலி வரைக்கும் போய்விட்டது. நாலு வீட்டுப் பைப்பும் நனைத்த கோணிச் சாக்குமாக, பொம்பா (தீயணைப்புப் படை) வருவதற்குள் அணைத்துவிட்டோம். ஆனால் பக்கத்து வீட்டு அக்கா பால்குடத்துக்கென்று துவைத்துக் கொடியில் போட்டிருந்த மஞ்சள் சேலையில் விரல் நுழைகிற மாதிரி மூன்று ஓட்டை.

அன்றிலிருந்து காய்ந்த நாளில் மெஷினைத் தொடுவதில்லை. தவறிப்போய் வெட்டித்தான் ஆகவேண்டும் என்றால் பனி காயாத காலை, பிளேடுக்குப் பதில் நைலான் கயிறு, பக்கத்தில் தண்ணீர் பைப். வெட்டிய புல்லை அங்கேயே விடாதீர்கள், அது காய்ந்தால் நின்ற புல்லைவிட மோசம். கூட்டி எரிக்கவும் கூடாது. 1974 சுற்றுச்சூழல் தரச் சட்டப்படி அது குற்றம், தவிர, எரித்தால் லாலாங் சாகாது. கிழங்கு மண்ணுக்குள் பத்திரமாக இருக்கும், பத்து நாளில் ஊசி ஊசியாக மேலே வரும்.

பூவை வெட்டச் சொல்கிறான் என்று யாரும் பாயவேண்டாம். செண்டுடுக் வருஷம் முழுக்கப் பூக்கிற செடி, விதைக்கென்று காத்திருக்கத் தேவையில்லை. நாங்கள் சின்ன வயசில் அந்தப் பழத்தைத் தின்று நாக்கை ஊதாவாக்கிக்கொண்டு லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுக்கு) திரும்பியவர்கள்தான். சுவரை ஒட்டியதை மட்டும் எடுங்கள், தள்ளி நிற்பது நிற்கட்டும். அதன் காலடியில் இருக்கும் லாலாங்கைக் கத்தியால் அறுங்கள். தீயைக் கொண்டுவருவது அதுதான். நான் பொம்பாக்காரன் இல்லை, பட்டதைச் சொல்கிறேன்.

இன்னொன்று. பின்நிலம் நம்முடையதே இல்லை! தோட்டத்தை வாங்கிய முதலாளி வேலி போட்டு, பலகை நட்டதோடு சரி. புல் வெட்ட ஆள் வராது, குப்பை லாரி மட்டும் ராத்திரியில் வரும். மூன்று தடவை கடிதம் கொடுத்தோம், பதில் இல்லை. அதே இடத்தில்தான் என் அப்பா முப்பது வருஷம் பால் வெட்டினார், அப்போது வரிசைக்கு வரிசை புல் சுத்தமாக இருக்கும்.

கருகிய செண்டுடுக் மழை வந்ததும் அடியிலிருந்து துளிர்த்துவிட்டது. அக்காவுக்குப் புதுச் சேலை எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார், ஆனால் நான் மெஷினை வெளியே எடுத்தால் இன்னமும் கொடியிலிருக்கும் துணியை உள்ளே கொண்டுபோய்விடுவார்.