4 மாதக் குழந்தைக்கு பி.யூ.ஜே. அடைப்பு (சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்க்குழாய் தொடங்கும் இடத்தில் அடைப்பு), ஆபரேஷன் வேண்டும் என்கிறார்கள். ஒரு வயது வரை காத்திருக்கலாமா?

அது ரீனோகிராமைப் பொறுத்தது, அதாவது ஒவ்வொரு சிறுநீரகமும் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் ஸ்கேன். எங்கள் பையனுக்கு 5 மாதத்திலேயே செய்துவிட்டோம்.

அவனுக்கு இடது பக்கம். சிறுநீரகத்திலிருந்து குழாய் கிளம்புகிற இடமே பிறவியில் குறுகல். வயிற்றில் இருக்கும்போதே சிறுநீரகத்தில் வீக்கம் தெரிந்தது. பிறந்த மறுநாள் ஸ்கேன் எடுத்து, "வடிந்துவிட்டது" என்று அனுப்பிவிட்டார்கள். முதல் இரண்டு நாள் சிறுநீர் கொஞ்சமாகத்தான் ஊறும், அதனால் வீக்கம் சின்னதாகத் தெரியும் என்பதெல்லாம் அப்போது யாருக்குத் தெரியும்? 45-ஆம் நாள் தடுப்பூசிக்குப் போனபோது டாக்டரம்மா பழைய ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு மறுபடி எடுக்கச் சொன்னார். வீக்கம் அப்படியே இருந்தது.

வீக்கம் மட்டும் என்றால் பல குழந்தைகளுக்குத் தானாகவே சரியாகிவிடும். ரீனோகிராமில் மொத்த வேலையில் அந்தச் சிறுநீரகத்தின் பங்கு எவ்வளவு என்று பாருங்கள். இவனுக்கு இரண்டாம் மாதம் 42 சதவீதம், அப்புறம் 34. "பச்சப்புள்ள உடம்புல கத்தியா?" என்று கேட்டுக்கொண்டிருந்த என் மாமியாரே அந்த 34-ஐப் பார்த்ததும் பேசவில்லை.

ஆபரேஷன் பெயர் பைலோபிளாஸ்டி. குறுகலான துண்டை வெட்டி எடுத்துவிட்டு, நல்ல பாகங்களைச் சேர்த்துத் தைப்பார்கள். 1949-இல் ஆண்டர்சன், ஹைன்ஸ் என்ற இருவர் வெளியிட்ட முறைதான் இன்றும். நூற்றில் தொண்ணூறு பேருக்கு மேல் சரியாகிவிடுகிறது. உள்ளே வைக்கும் ஸ்டென்ட்டை (மெல்லிய குழாய்) எடுக்க சில வாரம் கழித்து இன்னொரு முறை கொஞ்ச நேரம் மயக்க மருந்து கொடுப்பார்கள். இதை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள், எங்களுக்குக் கடைசியில்தான் சொன்னார்கள்.

முதல் இரண்டு நாள் சிறுநீர் ட்யூப் இருந்தது. நர்ஸ் அக்கா டயப்பரில் சின்ன ஓட்டை போட்டு ட்யூபை வெளியே இழுத்து, மேலே ஒரு சைஸ் பெரிய டயப்பரை மாட்டிவிட்டார். மலம் உள்ளே, சிறுநீர் வெளி டயப்பரில். பை, கயிறு எதுவும் இல்லாமல் தோளில் போட்டுத் தூங்க வைக்க முடிந்தது.

மூன்று மாதம் கழித்து எடுத்த ஸ்கேனிலும் "வீக்கம் உள்ளது" என்று வந்தது. லேப் படிக்கட்டிலேயே உட்கார்ந்து அழுதேன். சிறுநீரகத்தில் விரிந்த பகுதி சுருங்க மாதக்கணக்கில் ஆகுமாம். அடுத்த ரீனோகிராமில் 38.

ஆண் குழந்தைக்கு மூத்திரப் பைக்குக் கீழே வால்வு அடைப்பு என்றால் கதையே வேறு, அதற்குக் காத்திருக்கவே கூடாது. உங்களுடையது பி.யூ.ஜே. என்பதால், பங்கு குறையாமல் இருக்கிறதா என்று டாக்டரிடம் கேளுங்கள். செலவுதான் தயக்கம் என்றால் எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனைக்கு எல்லா ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு காலையிலேயே போய்விடுங்கள்.