குதிரைத்தலையும் நண்டும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நெபுலாக்கள் என்னும் விண்வெளி வாயு-தூசி முகில்கள் பற்றிய உங்கள் கட்டுரையில் இருந்த குதிரைத்தலை நெபுலாவின் படத்தை மகளிடம் காட்டினேன். பார்த்ததும் "கடல்குதிரை" என்றாள். 'படைப்பின் தூண்கள்' என்ற இன்னொரு முகிலின் படத்தில் யாரோ கையைத் தூக்கி நிற்பதாகச் சொன்னாள். கூட இருந்த நண்பர், "நிறமே கணினியில் போட்டது. அதில் போய் உருவம் தேடுகிறீர்களே!" என்று சிரித்தார். அப்படித் தேடுவது அசட்டுத்தனமா?

ர.

அன்புள்ள ர.,

கடல்குதிரைதான். எனக்கும் இப்போது அப்படித்தான் தெரிகிறது. இனி மாற்றிப் பார்க்க முடியாது போலிருக்கிறது.

நண்பர் சொன்னதில் பாதி சரி. ஹபிள் தொலைநோக்கியின் கேமரா கறுப்புவெள்ளையில்தான் பதிவுசெய்யும். வெவ்வேறு வடிகட்டிகள் வழியே எடுத்த படங்களுக்கு ஆளுக்கொரு நிறம் கொடுத்து அடுக்குகிறார்கள். 1995ல் வந்த தூண்கள் படத்தில் கந்தகத்தின் ஒளிக்குச் சிவப்பு, ஹைட்ரஜனின் ஒளிக்குப் பச்சை, ஆக்சிஜனின் ஒளிக்கு நீலம். சரி, நிறத்தை எடுத்துவிடுங்கள். அந்தக் கை அப்போதும் அங்கேதான் இருக்கும்.

உண்மையான சிக்கல் வேறு. தூண்கள் ஒன்றையொன்று ஒட்டி நிற்பதாக நமக்குத் தெரிகிறது. 2015ல் சிலியில் உள்ள பெரிய தொலைநோக்கியைக் கொண்டு அவற்றை முப்பரிமாணத்தில் ஆராய்ந்தபோது, சில துண்டுகள் அங்குள்ள விண்மீன் கூட்டத்துக்கு முன்னாலும் சில பின்னாலும் இருப்பது தெரிந்தது. சுமார் 6,500 ஒளியாண்டு தள்ளி, இந்தக் கோணத்தில் நாம் இருப்பதால்தான் அவை சேர்ந்து ஒரு கையாகின்றன.

குதிரைத்தலையை 1888ல் ஹார்வர்டு வானாய்வகத்தின் ஒளிப்படத் தகடு ஒன்றில் முதலில் கவனித்தவர் வில்லியமினா ஃபிளெமிங். அவர் குறித்துவைத்ததில் குதிரையே இல்லை. ஒளிரும் முகிலில் அரைவட்டமாக ஒரு வெட்டு, அவ்வளவுதான். பின்னால் ஒளிரும் ஹைட்ரஜனை முன்னால் இருக்கும் தூசி மறைக்கிறது. அந்த நிழலுருவைத்தான் நாம் குதிரை என்கிறோம். 2013ல் ஹபிள் அதையே கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியில் எடுத்தபோது தூசியை ஊடுருவிப் பார்க்க முடிந்தது. கரிய குதிரை மெல்லிய புகையாகிவிட்டது.

எனக்கு மிகவும் பிடித்த கதை நண்டு நெபுலாவுடையது. 1840களில் அயர்லாந்தில் ராஸ் பிரபு 36 அங்குல ஆடி கொண்ட தொலைநோக்கியில் பார்த்து அதை வரைந்தார். கால்கள் நீட்டிய ஏதோ பூச்சி மாதிரி இருக்கும் அந்தப் படம். நண்டு என்ற பெயர் அதிலிருந்து வந்தது. அப்புறம் அவரே 72 அங்குலத்தில் இன்னும் பெரிதாக ஒன்றைக் கட்டிப் பார்த்தார். நண்டைக் காணோம். பெயர் மட்டும் நின்றுவிட்டது.

ஆக, அசட்டுத்தனம் ஒன்றுமில்லை. முகத்தையும் மிருகத்தையும் சட்டென்று கண்டுகொள்ளத்தான் நம் மூளை பழகியிருக்கிறது. வானியலாளர்களுக்கும் அதே மூளைதான். ராஸ் பிரபு நண்டைத் தேடியதில் தவறில்லை. காணாதபோது காணவில்லை என்று சொன்னாரே, அதுதான் எனக்குப் பெரிதாகப்படுகிறது.

இன்னொன்று. விண்வெளியில் மேல், கீழ் கிடையாது. படத்தை எந்தப் பக்கம் நிமிர்த்தி வைப்பது என்பது அதைத் தயாரிப்பவர் முடிவு. தூண்கள் படத்தைத் தலைகீழாகத் திருப்பி மகளிடம் காட்டுங்கள். நான் திருப்பிப் பார்த்தேன். எனக்குப் பசுவின் மடி தெரிந்தது. அவள் என்ன சொன்னாள் என்று எழுதுங்கள்.