ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் (முதுகெலும்பை இறுக்கும் அழற்சி மூட்டுநோய்): கேள்வி பதில்

கேள்வி: வயது 26. ஆறு மாதமாக இடுப்புவலி. டிஸ்க் என்றார்கள். விடிகாலையில் வலி எழுப்பிவிடுகிறது, நடந்தால் தேவலை. லம்பார் (கீழ்முதுகு) எம்.ஆர்.ஐ. நார்மல்.

பதில்: தம்பி, "நடந்தால் தேவலை" என்கிறீர்களே, அங்கேதான் பிடி இருக்கிறது. டிஸ்க் வலி பெரும்பாலும் படுத்தால் அடங்கும். அழற்சி வலியோ படுக்கப் படுக்க ஏறும். 45 வயதுக்கு முன் மெல்லத் தொடங்கி, மூன்று மாதம் தாண்டி, காலையில் அரை மணிக்கு மேல் விறைப்பு நின்றால் அழற்சி வலியைச் சந்தேகிக்க வேண்டும். பிட்டத்து வலி இடம் வலம் மாறுகிறதா? குதிகால் வலி, சொரியாசிஸ், ஒரு கண் மட்டும் சிவந்து வெளிச்சம் கூசியது உண்டா? மருத்துவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

லம்பார் படத்தில் சாக்ரோஇலியாக் (எஸ்.ஐ.) மூட்டு, அதாவது முதுகெலும்பின் அடிப்பகுதி இடுப்பெலும்போடு சேரும் இடம், சரியாக விழாது. முதலில் இடுப்பெலும்பு எக்ஸ்ரே. அதில் மாற்றம் தெரிய வருடக்கணக்கில் ஆகலாம், தெரியாவிட்டால் எஸ்.ஐ. மூட்டுக்கென்றே ஸ்டிர் (அழற்சி நீரைக் காட்டும் பட முறை) வரிசையோடு எம்.ஆர்.ஐ. சீட்டில் அப்படியே எழுதி வாங்குங்கள்.

கேள்வி: குனியவைத்து டேப்பால் அளந்தார்களே?

பதில்: ஷோபர் சோதனை. இடுப்புக்குப் பின்னுள்ள இரு குழிகளைச் சேர்க்கும் கோட்டில் ஒரு புள்ளி; அதற்கு மேலே 10 செ.மீ., கீழே 5 செ.மீ. குறிப்பார்கள். முழங்கால் மடக்காமல் குனிந்தால் அந்த 15 செ.மீ. இடைவெளி 20 ஆகவாவது நீள வேண்டும். ஆரம்பத்தில் நார்மலாகவே இருக்கலாம். அதை வைத்து நோயைத் தள்ளிவிடக் கூடாது.

கேள்வி: ரத்தத்தில் பி27 (எச்.எல்.ஏ-பி27 என்ற மரபணு) பாசிட்டிவ். நோய் வந்துவிட்டதா?

பதில்: இல்லை. அது உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு நோய் வருவதே இல்லை.

கேள்வி: எனக்கு நெகட்டிவ். அப்போது நோய் இல்லைதானே?

பதில்: அப்படியும் இல்லை. நோயாளிகளிலேயே சிலருக்கு நெகட்டிவ்தான். அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. ரத்தப் பரிசோதனையும் பலருக்கு நார்மலாக வரும்.

கேள்வி: இரண்டு பக்கமும் பேசுகிறீர்கள். பிறகு எதற்குக் காசைக் கொட்டி அந்த டெஸ்ட்?

பதில்: அறிகுறி இருப்பவருக்கு அது சந்தேகத்துக்கு வலு கூட்டும். ஏசாஸ் என்ற சர்வதேச நிபுணர் குழுவின் 2009 அளவுகோலில் பி27-உடன் நோயின் வேறு இரண்டு அம்சங்கள் (குதிகால் வலி, சொரியாசிஸ் போல) வேண்டும். எஸ்.ஐ. மூட்டுப் படத்தில் அழற்சி தெரிந்தால் ஓர் அம்சம் போதும். அதுவும் ஆய்வுக்கு வகை பிரிக்க வந்தது, நோய் முத்திரை குத்த அல்ல. சாதாரண முதுகுவலிக்கெல்லாம் பி27 கேட்டால் பயம்தான் மிஞ்சும்.

கேள்வி: வலியே இல்லை, பி27 பாசிட்டிவ்…

பதில்: பி27 பற்றி மேலே சொன்ன பதிலைப் படியுங்கள். மறுபடி டெஸ்ட் வேண்டாம்.

கேள்வி: பிரசவமாகி நான்கு மாதம். எஸ்.ஐ. மூட்டில் எலும்பு மஜ்ஜை நீர்க்கோப்பு என்று அறிக்கை.

பதில்: பிரசவத்துக்குப் பின் இந்த நோய் இல்லாமலேயே மாதக்கணக்கில் அப்படித் தெரியலாம். ரேடியாலஜிஸ்ட்டிடம் பிரசவத் தேதியைச் சொல்லுங்கள்.

கேள்வி: ஒரு பக்க எஸ்.ஐ. மூட்டு மட்டும், காய்ச்சல், எடை குறைகிறது.

பதில்: காசநோய், கிருமித்தொற்று இரண்டையும் முதலில் விலக்குங்கள். தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: என்ன சாப்பிடலாம்?

பதில்: உணவியல் நிபுணரைக் கேளுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 20 வருட நோய். குளியலறையில் வழுக்கினார், கழுத்தில் புது வலி.

பதில்: இறுகிய முதுகெலும்பு சின்ன விழுகையிலும் முறியும், எக்ஸ்ரே தவறவிடலாம். கழுத்தை நிமிர்த்தப் பார்க்காமல், இருக்கும் வாக்கிலேயே அசையாமல் தாங்கி, ஆம்புலன்ஸில் இன்றே கொண்டுபோய் சி.டி. எடுங்கள்.