சதுர அடி ரேட் பேசியாச்சு, அப்புறம் எதற்கு எக்ஸ்ட்ரா?

கேள்வி: திருமங்கலம் பக்கம் கரிசல் மண்ணில் 1,050 சதுர அடிக்குத் தரைத்தள வீடு கட்டுகிறேன். பொருளும் கூலியும் சேர்த்து சதுர அடிக்கு 2,400 ரூபாய், மொத்தம் 25,20,000 ரூபாய் என்று ஒரு பக்கத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டோம். லிண்டல் (வாசல், ஜன்னலுக்கு மேல் வரும் கான்கிரீட் பட்டை) முடிந்து ரூஃபுக்கு சென்ட்ரிங் (கான்கிரீட்டைத் தாங்கும் பலகை, முட்டு) அடிக்கப் போகிற நேரத்தில், ஒப்பந்தக்காரர் 4,85,000 ரூபாய்க்குத் தனி பில் நீட்டுகிறார். அஸ்திவாரத்தில் கூடுதல் ஆழம், சம்ப் (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி), செப்டிக் டேங்க், மழைநீர் சேகரிப்புத் தொட்டி, அம்மா மேஸ்திரியிடம் சொல்லிக் கட்டிய பூஜை அறை, இனிமேல் கட்டவிருக்கும் ஹெட்ரூம் (மொட்டைமாடியில் படிக்கு மேல் வரும் சிறு அறை) எல்லாம் அதில் இருக்கின்றன. சிங்கப்பூரில் இருக்கும் மச்சினன் வேறு, படியை வீட்டுக்குள் வை என்கிறார். என்னை ஏமாற்றுகிறார்களா? மீதி வேலையிலாவது செலவு கைமீறாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

பதில்: மொத்தத் தொகையைப் பார்த்தால் ஏமாற்று வேலை மாதிரிதான் தெரியும். வரி வரியாகப் பிரித்துப் பாருங்கள். ஆரம்பத்திலிருந்தே விலையில் சேராதவை, நடுவில் உங்கள் வீட்டார் கேட்டவை, ஏற்கெனவே விலையில் அடங்கியவை என்று மூன்று வகையும் அதில் கலந்து கிடக்கின்றன. முதல் இரண்டுக்கும் பணம் கொடுத்துத்தான் ஆக வேண்டும். மூன்றாவதுக்கு வேண்டாம்.

சம்ப்பும் செப்டிக் டேங்க்கும் முதல் வகை. நம் ஊரில் சதுர அடி ரேட் என்றால் பெரும்பாலும் கட்டடத்துக்கு மட்டும்தான். சம்ப், செப்டிக் டேங்க், காம்பவுண்ட் சுவர், போர், கேட், மின் இணைப்புச் செலவு எல்லாம் வெளியே நிற்கும். இது ஊரறிந்த வழக்கம்தான், ஆனால் முதல்முறை வீடு கட்டுபவருக்கு அதை யாரும் சொல்வதில்லை. உங்கள் ஒரு பக்கத் தாளில் என்னென்ன செய்து தரப்படும் என்றுதான் எழுதியிருப்பீர்கள். எவையெல்லாம் சேராது என்ற பட்டியல் இருக்காது. என்னைக் கேட்டால் இரண்டாவது பட்டியலைத்தான் முதலில் எழுத வேண்டும். சண்டை வருவது பெரும்பாலும் அங்கிருந்துதான்.

அஸ்திவார ஆழத்தில் ஒப்பந்தக்காரர் பக்கம் நியாயம் இருக்க வாய்ப்புண்டு. கரிசல் மண் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கி வெடிக்கும். கெட்டியான மண் வரும்வரை தோண்டாமல் விட்டால் பின்னால் சுவர் விரிசல் விடும். வேலை தொடங்கும் முன்பே மண் பரிசோதனை செய்திருந்தால் இந்தத் தொகையும் அப்போதே தெரிந்திருக்கும். இப்போது நீங்கள் கேட்க வேண்டியது அளவுதான். தாளில் எத்தனை அடி ஆழம் என்று இருந்தது, குழி உண்மையில் எத்தனை அடி போனது, கான்கிரீட் போடும் முன் யார் அளந்தார்கள்? குழியின் படமோ அளவோ இருந்தால் கூடுதல் ஆழத்துக்கு மட்டும் கணக்குப் போட்டுக் கொடுங்கள். ஒன்றுமே இல்லையென்றால் உங்கள் பொறியாளரை நடுவில் வைத்துப் பேசித் தீர்ப்பதுதான் வழி.

மழைநீர்த் தொட்டியை விட்டுக்கொடுக்க வேண்டாம். தமிழ்நாட்டில் 2003-லிருந்தே கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயம். அனுமதி பெற்ற வரைபடத்தில் அது இருக்கிறதா பாருங்கள். ‘அனுமதி பெற்ற வரைபடப்படி’ கட்டித் தருவதாக உங்கள் தாளில் ஒரு வரி இருந்து, சேராதவற்றில் தொட்டி சொல்லப்படவில்லை என்றால், அது விலைக்குள் அடங்கியது என்று நீங்கள் உறுதியாக வாதாடலாம். ஆனால் அதே வரைபடத்தில் சம்ப்பும் செப்டிக் டேங்க்கும் வரையப்பட்டிருந்தால் இந்த வாதம் அவற்றுக்கும் பொருந்தும். ஆகவே பேசப் போகும் முன் வரைபடத்தையும் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நிதானமாகப் படியுங்கள்.

பூஜை அறைதான் கொஞ்சம் சங்கடம். நான் கையெழுத்துப் போடவில்லையே என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் 1872-ம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 70-வது பிரிவு என்ன சொல்கிறது? ஒருவர் இனாமாகச் செய்யும் எண்ணமில்லாமல், சட்டப்படி இன்னொருவருக்காக ஒரு வேலையைச் செய்து, அதன் பலனை அவர் அனுபவித்தால், ஈடு கொடுக்க அவர் கடமைப்பட்டவர். சுவர் ஏறும்போது பார்த்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டு, சாமி படத்தையும் மாட்டிய பிறகு பணம் தர மாட்டேன் என்றால் நிற்காது. தொகையில் பேரம் பேசலாம், அவ்வளவுதான். இன்னொன்று: அந்த அறை பக்கவாட்டில் நீட்டிக் கட்டியதா? அப்படியானால் விட வேண்டிய காலியிடம் குறைந்திருக்கும். அனுமதி வரைபடத்துக்கு மாறாகப் போயிருக்கிறதா என்று பொறியாளரிடம் இந்த வாரமே கேளுங்கள்.

சரி, இனி வரும் வேலைக்கு வருவோம்.

கட்டட வேலையில் எந்த மாற்றத்துக்கும் ஒரு கடைசி நாள் உண்டு. அதற்கு முன் சொன்னால் பென்சில் செலவு, பின் சொன்னால் உடைக்கிற செலவு. வாசல், ஜன்னல் எங்கே என்பது லிண்டலோடு முடிந்துவிட்டது, அதைத் தொடாதீர்கள். உங்கள் முன் இருப்பது ரூஃப் கான்கிரீட். ஃபேன் பாக்ஸ், ரூஃபுக்குள் போகும் வயர் பைப், பிற்காலத்தில் மாடியில் பாத்ரூம் வருமென்றால் அந்த இடத்தில் ஸ்லாபைத் தாழ்த்துவது, தண்ணீர் பைப் இறங்கும் வழி எல்லாம் கம்பி கட்டும் முன்பே முடிவாக வேண்டும். கான்கிரீட் இறுகிய பிறகு துளை போட்டால் கம்பியும் சேர்ந்து அறுபடும். அடுத்த கெடு பூச்சு வேலை. சுவிட்ச், ஏசி பாயிண்ட், கிச்சன் குழாய் எல்லாவற்றையும் சுவரில் சாக்பீஸால் குறித்து, வீட்டுப் பெண்களையும் ஒரு சுற்று நடக்கவிட்டு, அதற்குப் பிறகுதான் காடி வெட்டச் சொல்ல வேண்டும். அப்புறம் டைல்ஸ். இந்த மூன்று தேதிகளையும் ஒப்பந்தக்காரரிடம் இப்போதே கேட்டு வாங்கி வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள்.

மச்சினன் கேட்கும் உள்படிக்கும் அதனால் உடனே பதில் வேண்டும். உள்ளே படி என்றால் ஸ்லாபில் பெரிய திறப்பு விட வேண்டும், அதைச் சுற்றி பீம் அமைப்பு மாறும், வடிவமைப்புப் பொறியாளர் மறுபடி கணக்குப் போட வேண்டும். படியின் வடிவத்தைப் பொறுத்து ஹாலில் 60, 70 சதுர அடி போய்விடும், 1,050-ல் அது சின்ன இழப்பில்லை. பிற்காலத்தில் மாடி கட்டி வாடகைக்கு விடும் எண்ணம் இருந்தால் வெளிப்படியே நல்லது. உங்கள் நிலையில் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

எல்லா ஆசைக்கும் இப்படி முகத்திலடித்தாற்போல் மறுக்கத் தேவையில்லை. இப்போது வழி மட்டும் விட்டுவைத்து, வேலையைப் பின்னால் செய்துகொள்ளலாம். படுக்கையறை ஏசிக்கு இன்று பைப்பும் பாக்ஸும் போதும், வயரையும் ஏசியையும் அடுத்த கோடைக்குப் பார்க்கலாம். இன்வெர்ட்டருக்குத் தனி லைன், சோலாருக்கு மொட்டைமாடியிலிருந்து மீட்டர் பெட்டிவரை ஒரு காலி பைப் இரண்டையும் இப்போது போட்டுவைத்தால் சுவரை உடைக்கிற வேலை பிறகு இல்லை. மாடிக்காகத் தூண் கம்பியை நீட்டி விடுவதானால், துருப்பிடிக்காமல் மெலிந்த (சிமென்ட் குறைவாகக் கலந்த) கான்கிரீட்டால் மூடச் சொல்லுங்கள். நீட்டிக்கொண்டு நிற்கும் கம்பியைப் பத்து மழைக்கு அப்படியே விட்டால் அது எதற்கும் ஆகாது.

அடுத்து, தளத்தில் ஒரு நோட்டு வைக்க வேண்டும். என்ன மாற்றம், கேட்டது யார், எவ்வளவு ரூபாய், எத்தனை நாள் தள்ளும் என்று நான்கு கட்டம், கீழே இருவர் கையெழுத்து. ஊரில் இல்லாத நாளில் வாட்ஸ்அப்பில் தொகையோடு எழுதி ஒப்பந்தக்காரரிடம் ‘சரி’ என்று பதில் வாங்கினாலும் போதும். தொகை எழுதாமல் வேலை தொடங்கக் கூடாது. மேஸ்திரியிடம் வீட்டார் யாரும் நேரில் எதுவும் சொல்லக் கூடாது. யார் சொன்னாலும் செய்துவிடுவது அவர் சுபாவம், குறை சொல்ல முடியாது. உங்கள் வீட்டிலிருந்து ஒருவர், ஒப்பந்தக்காரர் பக்கம் ஒருவர், பேச்சு அந்த இருவருக்குள்தான். அம்மாவிடம் இதைச் சொல்வது கஷ்டம்தான், தெரியும்.

கூடுதல் வேலைக்கான ரேட்டையும் இப்போதே பேசிவிடுங்கள். சம்ப்புக்கு லிட்டர் கணக்கு, காம்பவுண்டுக்கு ரன்னிங் அடி, மின்வேலைக்கு பாயிண்ட், கம்பிக்குக் கிலோ. வேலை நடந்த பிறகு ரேட் பேசினால் அவர் சொன்னதுதான் விலை. ஹெட்ரூம் இன்னும் கட்டவில்லை அல்லவா, அதில் உங்களுக்குப் பேச இடம் இருக்கிறது. அதை முழு ரேட்டில் எடுப்பாரா, பாதி ரேட்டிலா என்று இன்றே எழுதி வாங்குங்கள். போர்டிகோ இருந்தால் அதற்கும் அதே கேள்வி.

டைல்ஸில் பலர் ஏமாறுகிறார்கள். ஒப்பந்தத்தில் சதுர அடிக்கு 50 ரூபாய் டைல்ஸ் என்று இருந்து நீங்கள் 85 ரூபாய்க்குத் தேர்ந்தெடுத்தால், கூடுதல் 35 ரூபாய் மட்டும்தான். 900 சதுர அடிக்கு 31,500 ரூபாய். முழு 85 ரூபாயையும் பில்லில் ஏற்றினால் 50-ஐக் கழிக்கச் சொல்லுங்கள். அதேபோல் நீங்கள் வேண்டாமென்று விட்ட வேலைக்கும் தொகை குறைய வேண்டும். கூட்டல் வரிகள் நிறைந்த பில்லில் ஒரு கழித்தல் வரிகூட இல்லையென்றால் சந்தேகப்படலாம்.

வங்கிக் கடன் வாங்கியிருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். வேலை எந்த நிலைக்கு வந்திருக்கிறது என்று பார்த்து, முதலில் கொடுத்த மதிப்பீட்டின்படிதான் வங்கி பணம் விடும். இந்தக் கூடுதல் தொகை அதில் வராது. கையிருப்பிலிருந்து கொடுப்பதா, திருத்திய மதிப்பீட்டோடு கூடுதல் கடன் கேட்பதா என்பதை ரூஃப் போடுவதற்கு முன்பே கிளை மேலாளரிடம் பேசிவிடுங்கள். பூச்சு வேலை நடுவில் பணம் நின்றால் ஆட்கள் வேறு தளத்துக்குப் போய்விடுவார்கள், திரும்பக் கூப்பிடுவது லேசில்லை.