அமெரிக்காவின் நாஸ்கார் கார் ரேஸை விழுந்து விழுந்து பார்த்தவர்கள் இப்போது ஏன் சலித்துக்கொள்கிறார்கள்?

நானும் அந்தச் சலித்துக்கொள்ளும் கூட்டத்தில் ஒருவன்தான். வேலைக்காக வட கரோலினாவின் சார்லட் நகரத்துக்கு வந்தபோது பக்கத்து மேசைக்காரர் ஒட்டவைத்த பைத்தியம் இது. பெரும்பாலான அணிகளின் பட்டறைகள் இந்த ஊரைச் சுற்றித்தான் இருக்கின்றன. “வட்டம் வட்டமா சுத்துறதை மூணு மணி நேரம் எப்படித்தான் பாக்குறீங்களோ” என்று வீட்டில் கேட்பார்கள். அந்த மூன்று மணி நேரத்தில்தான் விஷயமே இருக்கிறது. டயர் தேயத் தேய கார் வழுக்கும், பெட்ரோல் குறையக் குறைய அதன் போக்கு மாறும். நூறாவது சுற்றில் பின்னால் கிடந்தவன் முந்நூறாவது சுற்றில் முன்னால் வந்து நிற்பான். இந்த நிதானம் ரேஸை நடத்துகிறவர்களுக்கே பிடிக்காமல் போய்விட்டது. என் மனத்தாங்கல் அதுதான்.

முன்பெல்லாம் வருடத்தின் எல்லா ரேஸிலும் வாங்கிய புள்ளிகளைக் கூட்டித்தான் சாம்பியன் பட்டம். 2003இல் மேட் கென்செத் ஒரே ஒரு ரேஸில் ஜெயித்துச் சாம்பியன் ஆனார். அதே வருடம் ரயன் நியூமன் எட்டு ரேஸ் ஜெயித்தும் பட்டம் கிடைக்கவில்லை. கென்செத் வருடம் முழுவதும் தவறாமல் முன்வரிசையில் முடித்தவர், அதனால் எனக்கு அதில் குறை தெரியவில்லை. நாஸ்காருக்குத் தெரிந்தது. 2004இல் பட்டத்தை முடிவு செய்யக் கடைசி 10 ரேஸை மட்டும் தனியாகப் பிரித்தார்கள். 2014இல் இன்னும் ஒரு படி மேலே போய், ஓட்டுநர்களைச் சுற்றுச் சுற்றாகக் கழித்துக் கடைசியில் நாலு பேரை நிறுத்தி, ஒரே ஒரு ரேஸில் அந்த நால்வரில் யார் முந்துகிறாரோ அவரே சாம்பியன் என்றார்கள். வருடம் முழுக்க முதல் ரேங்க் வாங்கிய பையனை மார்ச் மாதம் ஒரு ஸ்லிப் டெஸ்ட்டில் உட்காரவைத்து, அதில் மார்க் குறைந்ததும் ‘நீ இரண்டாவதுதான்’ என்று சொல்வது மாதிரி.

2024இல் ஜோயி லொகானோ என்ற ஓட்டுநர் இந்தக் கழித்தலில் ஒரு கட்டத்தில் வெளியேறியே விட்டார். இன்னொரு ஓட்டுநரான அலெக்ஸ் போமனின் கார் எடை குறைவு என்று தகுதிநீக்கம் ஆனதால் திரும்ப உள்ளே வந்து, பட்டத்தையும் தூக்கிக்கொண்டு போனார். அந்த சீசனில் அவர் ரேஸ்களை முடித்த சராசரி இடம் 17க்கும் பின்னால். ஆறு ரேஸ் ஜெயித்த கைல் லார்சன் கடைசி நால்வரில்கூட இல்லை. லொகானோவை நான் திட்டமாட்டேன். கொடுத்த விதியை அவரை விட நன்றாகப் படித்தவர் யாரும் கிடையாது.

அடுத்த வருடம் பீனிக்ஸில் இறுதி ரேஸில் நடந்ததை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. டென்னி ஹாம்லின் 2006 முதல் முழுநேரமாக ஓட்டுகிறவர், அதற்குள் 60 வெற்றி பெற்றிருந்தவர், ஒரு பட்டமும் இல்லாதவர். அன்றைக்கு 208 சுற்றுகள் முன்னிலையில் இருந்தார். முடிய மூன்று சுற்று இருக்கும்போது வில்லியம் பைரனின் டயர் வெடித்து, எல்லாரும் வேகம் குறைத்து ஒன்றாகச் சேர வேண்டிய மஞ்சள் கொடி விழுந்தது. ஹாம்லின் நாலு டயரும் மாற்றினார், லார்சன் இரண்டு மட்டும் மாற்றி முன்னால் வந்தார். மீண்டும் பச்சைக் கொடி, இரண்டே சுற்று, முடிந்தது. அன்றைக்கு ஒரு சுற்றில்கூட முன்னிலை வகிக்காத லார்சன் சாம்பியன். அவர் முகத்திலேயே முழு மகிழ்ச்சி தெரிந்ததாக எனக்குத் தோன்றவில்லை. ரேஸில் அதிர்ஷ்டம் இருக்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை. 36 ரேஸில் அது சமமாகிவிடும், ஒரே ரேஸில் ஆகாது.

இது போதாதென்று 2017 முதல் ஒவ்வொரு ரேஸையும் துண்டு துண்டாகப் பிரித்தார்கள். ஓவல் என்கிற நீள்வட்டப் பாதையில் ஒருவன் எல்லாரையும் பின்னுக்குத் தள்ளி நெடுந்தூரம் போயிருப்பான், விபத்து ஒன்றும் நடந்திருக்காது. ஆனாலும் துண்டு முடிந்தது என்று மஞ்சள் கொடி காட்டி எல்லாரையும் மறுபடி ஒன்றாக நிறுத்துவார்கள்.

கார் கதை தனி. நாஸ்காரில் ஓடுவது ‘ஸ்டாக் கார்’. ஆரம்பத்தில் அப்படியென்றால் ஷோரூமில் விற்கிற காரையே கொண்டுவந்து ஓட்டுவது. 1949இல் சார்லட்டில் நடந்த முதல் ரேஸில் கோட்டை முதலில் தாண்டிய க்ளென் டனவேயைத் தகுதிநீக்கம் செய்தார்கள், காரணம் காரின் பின்பக்க ஸ்பிரிங்கில் கைவைத்திருந்தது. அது கள்ளச்சாராயம் கடத்திய கார். பாரம் ஏற்றினாலும் பின்பக்கம் தாழக்கூடாது, போலீஸ் துரத்தினாலும் ஆடக்கூடாது என்று செய்த வேலை! இந்தத் தில்லுமுல்லுதான் இந்த விளையாட்டின் பரம்பரைச் சொத்து. விதிப்புத்தகத்தில் ஓட்டை தேடும் மெக்கானிக்குகளுக்கும் ஓட்டுநர்களுக்கு இணையான ரசிகர்கள் இருந்தார்கள். 2022இல் வந்த புதிய காரில் பெரும்பாலான பாகங்களை, ஒவ்வொன்றுக்கும் நியமித்த ஒரே நிறுவனத்திடம்தான் எல்லா அணியும் வாங்க வேண்டும், கைவைத்தால் கடும் தண்டனை. எல்லாக் காரும் ஒரே வேகம் என்பதால் மார்ட்டின்ஸ்வில் போன்ற குட்டி ஓவல்களில் முந்துவதே பெரும்பாடு. டேடோனா, டல்லடேகா போன்ற பெரிய ஓவல்களில் இன்னும் கொடுமை. நடுவில் நிறுத்திப் பெட்ரோல் ஊற்றும் நேரத்தை மிச்சம் பிடிக்க நாற்பது காரும் பாதி ஆக்ஸிலேட்டரில் ஊர்வலம் போகின்றன. முதல் வருடத்தில் காரின் பின்பக்கம் இறுகிப்போயிருந்ததால் சாதாரண மோதலின் அதிர்ச்சிகூட ஓட்டுநரின் தலையைத் தாக்கியது. போகோனோ பாதையில் அப்படி மோதிய கர்ட் புஷ் என்ற ஓட்டுநர் ரேஸுக்குத் திரும்ப வரவே இல்லை.

(இடையில் ஒரு சந்தோஷம்: 2010இல் நம் கோயம்புத்தூர் நாராயண் கார்த்திகேயன் நாஸ்காரின் டிரக் தொடரில் சில ரேஸ் ஓட்டினார். சில ரேஸ்தான், ஆனால் அந்த வருடம் ‘ரசிகர்கள் மிக விரும்பிய ஓட்டுநர்’ விருது அவருக்கே. ஓட்டு எங்கிருந்து குவிந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.)

கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டனின் ரேஸ் அணி நாஸ்கார் மீது தொடுத்த வழக்கு 2025 டிசம்பரில் சார்லட் நீதிமன்றத்தில் விசாரணைக்கு வந்தது. அதையொட்டி நாஸ்கார் அதிகாரிகளின் அந்தரங்கக் குறுஞ்செய்திகள் வெளியே வந்தன. ஒன்றில் நாஸ்கார் கமிஷனராக இருந்த ஸ்டீவ் ஃபெல்ப்ஸ், டேல் எர்ன்ஹார்ட் என்ற ஓட்டுநரை வைத்து ஆறு பட்டம் வென்ற அணி முதலாளி ரிச்சர்ட் சில்ட்ரெஸை ‘முட்டாள் பட்டிக்காட்டான்’ என்கிற பொருளில் திட்டியிருந்தார். பட்டிக்காட்டு மக்கள் கட்டி வளர்த்த விளையாட்டு இது! வழக்கு சமரசத்தில் முடிந்தது, ஃபெல்ப்ஸும் பதவி விலகினார். ஆனால் அவர்கள் நம்மைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று தெரிந்துவிட்டது.

2026இல் கொஞ்சம் இறங்கி வந்திருக்கிறார்கள். ஒற்றை ரேஸ் முடிவு ஒழிந்தது, கடைசி 10 ரேஸின் புள்ளிகளைக் கூட்டித்தான் பட்டம். 36ஐயும் சேர்த்துக் கூட்டுங்கள் என்று மார்க் மார்ட்டின் போன்ற பழைய ஓட்டுநர்கள் கேட்டார்கள், கிடைக்கவில்லை. நான் மறுபடி ஒவ்வொரு வாரமும் உட்காரப் போவதில்லை.

நீங்கள் புதிதாகப் பார்க்க நினைத்தால் டேடோனாவில் தொடங்காதீர்கள். செப்டம்பர் முதல் திங்களை ஒட்டிய ஞாயிறு டார்லிங்டனில் நடக்கும் சதர்ன் 500ஐப் பாருங்கள். நிலம் கொடுத்தவர் தன் மீன் குட்டையைத் தொடக்கூடாது என்றதால் ஒரு பக்கம் குறுகி முட்டை வடிவத்தில் அமைந்த பாதை, 1950இலிருந்து அந்த வடிவம் மாறவே இல்லை. கரடுமுரடான தளம் பதினைந்து இருபது சுற்றிலேயே டயரைத் தின்றுவிடும், யார் பொறுமையாக ஓட்டுகிறார் என்பது அங்கே இன்னும் பளிச்சென்று தெரியும். அந்த ஒரு ரேஸை மட்டும் நான் இன்றும் விடுவதில்லை.