தங்கையின் 6 லட்சம் ஸ்மால் கேப்பில் என்ன செய்கிறது?

கேள்வி: எனக்கு வயது 34. மனைவியும் வேலைக்குப் போகிறாள். இரண்டு லார்ஜ் கேப் (பெரிய கம்பெனிப் பங்குகள்) ஃபண்டு, ஒரு ஸ்மால் கேப் (சிறிய கம்பெனிப் பங்குகள்) ஃபண்டு என மொத்தம் 14 லட்சம் இருக்கிறது. அதில் தங்கை கல்யாணத்துக்கென்று அப்பா விட்டுப்போன 6 லட்சமும் அடக்கம், அது ஸ்மால் கேப்பில்தான். தை மாதத்துக்குள் முடிக்க வரன் பார்க்கிறோம். இவற்றோடு நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்டையும் சேர்க்க நினைக்கிறேன். எத்தனை சதவீதம் வைக்கலாம்?

- ஒரு வாசகர், ஈரோடு

பதில்: தம்பி, சதவீதம் அப்புறம். அந்த 6 லட்சத்தைப் போகிறபோக்கில் எழுதிவிட்டீர்களே, அது உங்கள் பணமா? அப்பா நம்பி ஒப்படைத்த பணம். அதை ஸ்மால் கேப்பில் போடும்போது தங்கையிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி மூச்சே இல்லை.

2020 ஜனவரியில் 12,300-ஐத் தாண்டியிருந்த நிஃப்டி (50 பெரிய கம்பெனிகளின் பங்குக் குறியீடு), மார்ச் 23 அன்று 7,610-ல் வந்து நின்றது. பெரிய கம்பெனிகளுக்கே அந்தக் கதி. பிறகு மீண்டதே என்பீர்கள். மண்டபத்துக்கு அட்வான்ஸ் கட்டவேண்டிய வாரத்தில் சரிந்தால், மாப்பிள்ளை வீட்டாரை மார்க்கெட் ஏறும்வரை பொறுத்திருக்கச் சொல்வீர்களா? தேதி வைத்த பணத்துக்கு, குறியீட்டை அப்படியே பின்பற்றும் இண்டெக்ஸும் ஆகாது, மேனேஜர் பங்கைப் பொறுக்கும் ஆக்டிவும் ஆகாது. இன்னொன்று: ஃபோலியோவில் (ஃபண்டுக் கணக்கில்) நாமினி யார்? மனைவி என்றால், நாளைக்கு உங்களுக்கு ஒன்று ஆகிவிட்டால் தன் பணத்துக்காகவே அந்தப் பெண் அண்ணியிடம் கைகட்டி நிற்க வேண்டும்.

இந்த வாரமே எடுத்து, தங்கை பெயரிலேயே வங்கி டெபாசிட்டில் போடுங்கள். ஃபண்டில் போட்டு ஒரு வருடம் தாண்டியிருந்தால், ஆண்டுக்கு 1.25 லட்சம் லாபம் வரை வரியில்லை. அதற்கு மேல் 12.5 சதவீதம். தாண்டாவிட்டால் 20 சதவீதம், பெரும்பாலும் எக்ஸிட் லோடும் (சீக்கிரம் எடுப்பதற்கான கட்டணம்) பிடிப்பார்கள். அசல் குறைந்திருந்தால் உங்கள் கையிலிருந்து நிரப்புங்கள். வளர்ந்திருந்தால் லாபமும் அவளுடையது. அதைக் கல்யாணத்துக்குச் செலவழிப்பதா, மேலே படிப்பதா என்பதையும் அவளே சொல்லட்டும்.

மிச்சம் 8 லட்சம் உங்களுடையது. லார்ஜ் கேப் ஃபண்டு குறைந்தது 80 சதவீதத்தை சந்தை மதிப்பில் முதல் 100 கம்பெனிகளில் வைத்தாக வேண்டும் என்பது, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதி. மேனேஜர் மாறினாலும் ஹெச்டிஎஃப்சி வங்கி, ரிலையன்ஸ், ஐசிஐசிஐ வங்கி என்று அதே பெயர்கள்தான் சுற்றிச்சுற்றி வரும். கூடவே நிஃப்டி 50 ஃபண்டும் வாங்குவது, ஒரே சரக்கை மூன்று கடையில் மூன்று விலைக்கு வாங்குவது. அந்த இரண்டு லார்ஜ் கேப்பிலும் எஸ்.ஐ.பி.யை (மாதாமாதம் கட்டுவதை) நிறுத்திவிட்டு, இண்டெக்ஸ் ஃபண்டின் டைரக்ட் பிளானில் (ஏஜெண்ட் கமிஷன் இல்லாதது) தொடங்குங்கள். பழையதை வரி பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றலாம். மூன்றில் இரண்டு பங்கு இண்டெக்ஸில் இருக்கட்டும். கம்பெனியைத் தேடிப் பொறுக்கும் திறமைக்கு ஸ்மால் கேப்பில் வேலை இருக்கிறது. ஆக்டிவை அங்கே மட்டும் வையுங்கள், உங்கள் சொந்தக் காசில்.